ஞாயிற்றுக்கிழமை வைத்த எண்ணெய்

இப்போதெல்லாம் வசந்தம் வந்தால் நீங்கள் இருவரும் அம்மாவுக்கு முன்னால் போய் எண்ணெய்க்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு குந்துகிறீர்கள். முதல் தடவை அப்படியல்ல, பிள்ளைகளே. மகன் அழுத அழுகையில் கீழ்வீட்டுப் பெண்மணி மேலே வந்து மணியடித்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். உங்களுக்கு அது நினைவிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஜெர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்து கொஞ்சக் காலம். மகள் முதலாம் வகுப்பு, மகன் கிண்டர்கார்டன். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். காய்ச்சல் இல்லை, நோவு இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே இருப்பார். படுத்தாரே தவிர நித்திரை இல்லை. நான் எப்போது எட்டிப் பார்த்தாலும் கண் திறந்திருக்கும். உங்களுக்குப் பாண் வெட்டிப் பட்டர் பூசியதும் தலை வாரி இழுத்துவிட்டதும் நான்தான். மகளின் பின்னல் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன்பே அவிழ்ந்துவிடும்.

டாக்டர் குளிசை தந்தார். வெளிச்சம் குறைந்த மாதங்களில் பலருக்கு இப்படி வரும், பொறுமையாக இருங்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் பனி கரைந்த பிறகும் அம்மா எழும்பவில்லை. இனி எழும்பவே மாட்டாரோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அப்போது நான் மலையடியில் இருந்த ஓர் ஓய்வு விடுதியில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தேன். குளிர் விடும் காலத்தில் ஜெர்மன்காரர் ஆயுர்வேதத்துக்கென்று அங்கே வந்து தங்குவார்கள். சுடுநீர் குடிப்பார்கள், பயறும் அரிசியும் குழையவிட்டுச் சாப்பிடுவார்கள், உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். அவர்கள் துடைத்த துவாய்கள் என்னிடம் வரும். எண்ணெய்த் துவாயை இரண்டு தரம் தோய்க்காமல் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் தீப்பிடித்துவிடும். முதல் தரம் தோய்த்துக் கதவைத் திறக்கும்போது நல்லெண்ணெய் மணம் ஆவியோடு முகத்தில் அடிக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் துவாயில் எங்கள் வீட்டு மணம்.

எண்ணெய் தேய்க்கும் ஜெர்மன் பெண்மணி ஒருநாள் துவாய் எடுக்க வந்தபோது, ஏன் முகம் இப்படி வாடியிருக்கிறது என்று கேட்டார். ஏனோ அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கேரளாவில் படித்தவர். குளிர்காலம் முழுக்க உடம்பில் சேர்ந்த பாரம் வசந்தத்தில்தான் இளகும், அப்போது அதற்கு உதவி செய்ய வேண்டும் என்றார். அரைப் போத்தல் நல்லெண்ணெய் தந்தார். போத்தலைச் சுடுநீரில் வைத்துச் சூடாக்குங்கள், அறையை இருட்டாக்குங்கள், பேச வேண்டாம், பாதத்தில் தொடங்கி மெதுவாகத் தடவுங்கள் என்று என் கையிலேயே செய்து காட்டினார்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. உங்களை மூச்சுக் காட்டாமல் இருக்கச் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடி, அம்மாவின் காலடியில் போய் இருந்தேன். பாதத்தில் கை வைத்ததும் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

“என்ன செய்யிறியள்?”

“எண்ணெய் வைக்கிறன்.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“ஞாயிறு.”

அம்மா இந்தப் பக்கம் திரும்பினார். “ஞாயிற்றுக்கிழமை ஆராவது எண்ணெய் வைப்பினமே?”

“எனக்கு இண்டைக்குத்தானே லீவு.”

“ஆர் உங்களுக்கு இப்பிடிப் பழக்கினது?”

“வேலையில ஒரு ஜெர்மன்காரி.”

“ஜெர்மன்காரியிட்டப் படிச்சுக்கொண்டு வந்து எனக்கு நல்லெண்ணெய் வைக்கிறியள். மிளகு போட்டனீங்களே? உள்ளி?”

“போத்தலச் சுடுதண்ணிக்குள்ள வைச்சனான்.”

“விளங்கும். இதைத் தலைக்கு வைச்சால் நாளைக்கு எல்லாருக்கும் தடிமனும் தும்மலும்தான்.”

சொல்லிக்கொண்டே எழும்பிவிட்டார். நான் எண்ணெய்க் கையோடு அப்படியே இருந்தேன். குசினியில் தாச்சி அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது. மிளகும் நற்சீரகமும் உள்ளிப் பூண்டும் வெடித்து மணம் வந்தது.

பிறகு உங்களைப் பிடித்தார். அங்கே தடவல் ஒன்றும் இல்லை, உச்சியில் சளார் சளார் என்று அடிதான். மகனின் கண்ணுக்குள் எண்ணெய் போய்விட்டது. கீழ்வீட்டுப் பெண்மணி வந்தார். அம்மாவே கதவைத் திறந்து, இது எங்கள் வீட்டு ஆயுர்வேதம் என்று ஜெர்மன் மொழியில் விளக்கினார். வந்தவர் கையில் கொஞ்சம் எண்ணெய் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

பயத்தம் மாவைக் கரைத்து உங்களை முழுகவார்த்த பின் அம்மா அறைத் திரையை விலக்கினார். எதிர்வீட்டு யன்னல்கள் எல்லாம் ஈஸ்டருக்கென்று துடைத்து வெயிலில் மினுங்கின.

“அவையளின்ர வீட்டைப் பாருங்கோ. எங்கட வீடு ஆசுப்பத்திரி மாதிரி மணக்குது.”

யன்னல்களைத் திறந்தார். போர்வைகளை உதறச் சொன்னார், உதறினேன். பிறகு நிலத்தில் வந்து குந்தி, “இப்ப எனக்கு வையுங்கோ. அந்த ஜெர்மன்காரி மாதிரித் தடவிக்கொண்டிருக்காமல் நல்லா அடியுங்கோ” என்றார்.

எண்ணெய்தான் அவரைச் சுகப்படுத்தியது என்று சொல்லமாட்டேன். குளிசையும் எடுத்தார், வெயிலும் வந்தது. பிறகும் சில வாரங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிய நாட்கள் உண்டு. ஆனாலும் அந்த அரைப் போத்தல் தந்த பெண்மணிக்கு நான் கடமைப்பட்டவன். மறுநாள் நடந்ததைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனை மிளகு என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கேட்டேன், “கையால அள்ளிப் போடுறதுதான், ஆர் எண்ணுறது” என்றார் அம்மா.

அந்த ஞாயிறு மத்தியானம் சோறும் ரசமும் சாப்பிட்டோம். முழுகினால் பகல் நித்திரை கூடாது என்று அம்மா உங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு வெயில் விழுந்த பக்கமாகச் சோபாவில் சாய்ந்தார். தலையில் துவாய் கட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் மகள் ஓடி வந்து என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அம்மா நித்திரையாப் போனா. எழுப்பட்டே?”

போய்ப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, மெல்லிய குறட்டையும் வந்தது.

“வேண்டாமம்மா,” என்றேன். “நாங்கள் காணேல்ல எண்டு சொல்லுவம்.”