நகத்தில் மாட்டாத பல்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோல் பதனிடும் டேனரியில், தோலில் ஏறிய சுண்ணாம்பை ஆசிட் போட்டு எடுக்கிற வேலை. விரல் நுனிகள் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தன. லீவு கிடைத்தால் அரியலூர் போய், ஒரு காலத்தில் கடலாக இருந்த அந்த மண்ணில் கல்லாகிப்போன சுறாப்பல் பொறுக்குவாராம். பனியன் துணியில் சுற்றி வைத்திருந்த பல் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"ஓரத்துல ரம்பம் மாதிரி இருக்கும் சார். அதை வெச்சுதான் எந்தச் சுறான்னு கண்டுபிடிக்கணும். இத்தினி வருஷத்துல முழுசா கெடச்சது இது ஒண்ணுதான். சுண்ணாம்புக் கல்லு ஒட்டிக்கினு இருந்துச்சு. பழக்கதோஷம், தோலுக்குப் போடற ஆசிட்லயே போட்டுட்டேன்."

"இன்னா ஆச்சு?"

"கல்லு போய்டுச்சு. ரம்பம் இருக்கா இல்லையான்னு என் விரலுக்குத் தெரியல. உங்க நகத்துல மாட்டுதா பாருங்க சார்."

பல்லின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இல்லை என்றேன்.

"நீங்க நகத்தை ஒட்ட வெட்டிட்டீங்க சார்." எழுந்துவிட்டார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நகம் வளர்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று சீட்டு சீட்டாகக் கேட்டுக்கொண்டே போனார்.

எங்கே இறங்கினாரோ. அதற்கப்புறம் என் இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் நான் வெட்டுவதில்லை.