கை ஆடாத நேரம்

என் கணவரின் அக்காவை நினைத்தாலே எனக்கு வயிறெரியும். சொத்துக்காகவோ நகைக்காகவோ இல்லை. என் வீட்டுக்காரர் விழித்திருக்கிற நேரமெல்லாம் அந்த அக்காவுக்கே போய்க்கொண்டிருந்தது, அதற்காக.

வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் நோய். வலது கை ஓயாமல் ஆடும். தருமபுரி டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தபின் நடை கொஞ்சம் தேறியது. கூடவே தூக்கமும் வந்து சேர்ந்தது. கொட்டாவி கிடையாது, கண் சொக்குவது கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார், பாதிப் பேச்சில் தூங்கிப்போவார். வாயில் வைத்த இட்லி அப்படியே இருக்கும்.

"மாத்திரையோட வேலைதாம்மா. அளவைப் பாத்துக் கொறைக்கலாம். அதுவரைக்கும் வண்டிய மட்டும் தொட விடாதீங்க" என்றார் டாக்டர். வண்டிச் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் பேச நேரமில்லை. சாயங்காலம் நான் வரும்போது மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு அக்கா வந்துச்சு..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான். ஆடிக்கொண்டிருந்த கை மடியில் அடங்கிவிடும். தூக்கத்தில் மட்டும்தான் அந்தக் கை ஆடாது. பகல் முழுக்க அவரிடம் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தாலும் எனக்கு வாய்த்தது அந்தத் தூக்கம்தான்.

அவர் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி பக்கத்துத் தெரு. புளி சீசனில் வியாபாரியிடம் மூட்டை வாங்கிவந்து கொட்டை எடுத்துக் கொடுப்பார். அந்த மூட்டையைத் தன் வீட்டில் இறக்காமல் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்குவார். தம்பிக்குத் துணையாம். ஞாயிறு மட்டும் கம்பைநல்லூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

போகட்டும், அதோடு நிறுத்தினாரா? தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் முன்னால் என்னிடம் சொன்னார்:

"எங்கூட உக்காந்தா தம்பிக்குக் கையே ஆடறதில்லம்மா. சின்ன வயசுக் கதையெல்லாம் பேசிட்டே கெடக்கறான். உங்கிட்ட பேசத்தான் புடிக்கலையோ என்னமோ."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் நான். எனக்குத் தூக்கம், அண்ணிக்குக் கதையா?

ஒருநாள் தலைவலி என்று சொல்லி மதியமே கிளம்பி வந்துவிட்டேன். தலைவலியெல்லாம் ஒன்றுமில்லை. அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். வாசலிலேயே அண்ணியின் குரல் கேட்டது.

"மாமரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம அழுதியே, ஞாபகம் இருக்குதா? இருக்காதா பின்னே! அன்னைக்கு அப்பா வூட்டுல இருந்திருந்தா உந்தோல உரிச்சிருப்பாரு."

சிரிப்பு வேறு. எட்டிப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கை மடியில் அசையாமல் கிடந்தது. கேள்வியும் அண்ணி, பதிலும் அண்ணி.

என்னைப் பார்த்ததும் புளி தட்டிக்கொண்டிருந்த அண்ணியின் சின்னச் சுத்தியல் நின்றது.

"இப்பதான் கண்ணசந்தான்" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, சந்தோஷமாக இருந்தது. பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கை புளியை எடுத்தேன். இருவரும் கொட்டை எடுத்தோம். பிறகு அண்ணி தலை நிமிராமல் கேட்டார்:

"வேலை முடிஞ்சு வந்தா, உங்கிட்டயாவது பேசறானாம்மா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்திருக்கலாம்.

"பேசறாருங்க அண்ணி, நேரம் போறதே தெரியாது" என்றேன். "நாந்தான் நடுவுல தூங்கிப் போயிடறேன்."

அண்ணியின் முகம் வாடிப்போனது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.