வெளி லைன் இல்லாத ரெலிபோன்

ஊரைவிட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் பழைய ஆபீஸ் ரெலிபோன்களைத் திருத்தி விற்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். மணி அடிக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றையும் லைனில் கொழுவி, இன்னொரு போனில் இருந்து அழைக்க வேண்டும். அந்தச் சள்ளை தாங்காமல் நானே ஒரு பெட்டி செய்தேன். வெளி லைன் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் பெட்டியில் இருந்தே மின்சாரம் போய் மணி அடிக்கும். முதலாளி அதைத் தன் கண்டுபிடிப்பு என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த மறுநாளும் வேலைக்குப் போனோம். வீட்டில் இருந்து என்ன செய்வது? பக்கத்து மேசை அக்காவின் தங்கை குடும்பம் முள்ளிவாய்க்கால் பக்கம் அகப்பட்டிருந்தது. வாரக்கணக்காக அழைப்பில்லை.

வழக்கம்போல் பொத்தானை அழுத்தினேன். அக்காவின் மேசையில் பெட்டியோடு கொழுவியிருந்த போன் அடித்தது. அவர் பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ! தங்கச்சி, அக்கா கதைக்கிறன். எங்கையடி நிக்கிறியள்? பிள்ளையள் எங்கை?"

அதில் லைன் இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், அக்கா உட்பட. ஆனாலும் ஆளாளுக்கு மெஷினை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"ஒண்டும் கேக்கேல்லை," என்று றிசீவரை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீ ஒருக்காக் கேட்டுப் பார்."

உங்களுக்கென்ன விசரோ என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு வயரையும் ஈயம் உருக்கி ஒட்டியவன் நான்.

வாங்கிக் காதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.