ஜாக்கெட் முதுகில் இங்கிலீஷ் எழுத்து

நான் ஆறாவதோடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து தனித்தனியாக இருந்தால் கூட்டிப் படிப்பேன். கோத்து எழுதியிருந்தால் ஒன்றும் விளங்காது. எங்கள் ஊர் பரவையில் வீட்டிலேயே ஆரி வேலை, கொக்கி ஊசியால் துணியில் பூப்போடும் வேலை, செய்கிறேன். கல்யாண ஜாக்கெட்டில் கொடி, பூ, மயில் போட்டிருக்கிறேன். எழுத்து போட்டதில்லை.

போன தை மாதம் பசுமலையிலிருந்து ஒரு கல்யாணப் பொண்ணு தன் அத்தையோடு வந்தது. கையில் பத்திரிகை. அதில் பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் இங்கிலீஷில் ஒரே கொடியாக ஓடின. யாரோ மை தொட்டு நிதானமாக எழுதின மாதிரி. கம்ப்யூட்டர் எழுத்துதானாம். தாம்பூலப் பை, தண்ணி பாட்டில், மண்டப வாசல் பேனர், எல்லாத்திலும் அதே எழுத்து. ஜாக்கெட் முதுகிலும் அதுவே வேணும் என்றது.

டவுனில் மெஷினில் வேறு துணியில் மாதிரிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒல்லிக் கோடெல்லாம் உப்பி மண்புழு மாதிரி கிடந்தது.

"ஏம்மா, உனக்கு இதைப் படிக்கவாவது தெரியுமா?" என்றார் அத்தை.

"தெரியாதுங்க."

"வெளங்கிரும். முகூர்த்தச் சேலையில வெட்டின துணி. கெட்டுச்சுன்னா வேற இல்ல, ஆமா."

"சும்மா இருங்க அத்தை. அக்கா போட்டிருவாங்க," என்றது பொண்ணு.

துணியை வாங்கி வைத்தேன்.

இரண்டு நாள் பத்திரிகையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தேன். எழுத்தாகப் பார்த்தால் பயம் வந்தது. கொடியாகப் பார்த்தேன். மேலே ஏறும்போது ஒல்லி. கீழே இறங்கும்போது தடி. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். இம்புட்டுதான்.

ட்ரேஸ் பேப்பரில் வரைந்து கோடு நெடுக ஊசியால் குத்தினேன். துணி மேல் வைத்து வெள்ளைப் பவுடரைத் தேய்த்தால் ஓட்டை வழியாகப் புள்ளி விழும். பட்டில் விழுந்தால் லேசில் போகாது. தேய்க்கப் போன கை நின்றது. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பேப்பரைப் புரட்டி வைத்திருக்கிறேன். படித்தவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். எனக்குச் சாய்மானத்தை வைத்துத்தான் தெரிந்தது. திருப்பி வைத்துத் தேய்த்தேன்.

ஏறுகிற கோட்டுக்கு ஜரிகை ஒரு வரி. இறங்குகிற கோட்டுக்கு மூன்று வரி, ஒட்டி ஒட்டி. மெஷின் எல்லாத்தையும் ஒரே கனத்தில் போட்டிருந்தது. அதுதான் அங்கே தப்பு. ஐந்து நாளில் முடித்தேன்.

மண்டபத்துக்குப் போனேன். வாழ்த்துச் சொல்ல இல்லை. சரியா தப்பா என்று பார்க்க. பொண்ணு பூச்சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு மேடை ஏறியது. பின்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் முதுகைப் பார்த்துப் பொண்ணு பேர், மாப்பிள்ளை பேர் இரண்டையும் சத்தமாக, தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள். போட்ட என்னால் வாசிக்க முடியாததை. அப்புறம்தான் மூச்சு விட்டேன்.

"கம்ப்யூட்டர்ல போட்டதாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கம்ப்யூட்டராவது ஒண்ணாவது. இந்தா நிக்கிதுல்ல, இந்தப் புள்ள போட்டது," என்றார் அத்தை. என் பக்கம் திரும்பினார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. என் பேரு மட்டும் போதும். எங்க வீட்டுக்காரரச் சொமந்தது போதும்."

"அளவு ஜாக்கெட்டக் குடுத்து விடுங்க," என்றேன்.