பஸ் புறப்படும் முன் அத்தா எழுதிய செய்தி

எங்கள் அத்தா வஃபாத்தாகி இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. ஃபாத்திஹாவுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலரில், அத்தாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். நல்லதைத்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு தவறும் வரும். அதை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

அத்தா பிறந்தது வத்தலக்குண்டில். தகப்பனாரை இளம் வயதிலேயே இழந்து, மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்ளக் கொடைக்கானல் ஏறி வந்தவர். குளிர் ஒத்துக்கொள்ளாமல் முதல் வருடம் முழுக்க இருமினாராம். பிறகு பஜாரில் சொந்தமாகக் கடை போட்டு, மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு ஏஜெண்டாகவும், ஊர்ச் செய்தி எழுதும் நிருபராகவும் ஆனார். ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கு அது பெரிய பெருமை. கூட்டங்களில் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். அம்மா "எழுத்தாளரு வந்துட்டாக" என்று சொல்லிக்கொண்டுதான் சோறு போடுவார்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. செய்திக் கவரை மத்தியானம் இரண்டு மணி பஸ் டிரைவரிடம் கொடுத்தால்தான், வத்தலக்குண்டில் பஸ் மாறி, அது பொழுதோடு மதுரை போய்ச் சேரும். இங்கே கூட்டங்கள் நடப்பதோ சாயங்காலம். அதனால் நடக்கப்போவதை நடந்ததாகவே எழுதிவிடுவது வழக்கம். பத்திரிகை ஆபீசுக்கும் இது தெரியும். ஒருமுறை மழையால் நடக்காமலே போன விவசாயிகள் கூட்டம், மறுநாள் பேப்பரில் திரளானோர் கலந்துகொள்ளச் சிறப்பாக நடந்திருந்தது. பஜாரே சிரித்தது, அத்தாவும் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன், சீசன் சமயத்தில், ஒரு விடுதியில் தங்கியிருந்த அம்மையாரின் சங்கிலி காணாமல் போனது. அங்கே சமையல் வேலை பார்த்த ராக்கப்பனைப் போலீசார் அழைத்துப் போனார்கள். அவர் மேல்மலையில் பூண்டு பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, அட்டுவம்பட்டியில் குடியிருந்தவர். அத்தா ஸ்டேஷனுக்கு ஓடினார். "விசாரிச்சா ஒத்துக்கிருவான் பாய்" என்றார் ஏட்டு. பஸ் கிளம்பப் பத்து நிமிடம்தான் இருந்தது. அத்தா பெயர், ஊர் எல்லாம் போட்டு, ராக்கப்பன் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த அம்மையாரின் படுக்கைச் சுருளுக்குள்ளேயே சங்கிலி கிடைத்தது. ராக்கப்பனை விட்டுவிட்டார்கள். பத்து மணிக்குப் பேப்பர் மலையேறி வந்தது. விடுதிக்காரர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தங்க வருகிறவர்கள் பேப்பரைப் படித்துவிட்டு ஏதாவது கேட்பார்களாம்.

ராக்கப்பன் நேரே எங்கள் கடைக்கு வந்தார். அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் அங்கே இருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"நான் ஒத்துக்கிட்டேன்னு ஒங்ககிட்ட யாருங்க பாய் சொன்னது?"

 

அத்தா அன்றே திருத்தம் எழுதி அனுப்பினார். பேப்பரில் வரவில்லை. மறுபடியும் அனுப்பினார். டிரங்க் கால் போட்டுக் கேட்டபோது, தப்பு என்று நாமே போட்டால் நாளைக்கு யார் நம்பி வாங்குவார்கள் என்றார்களாம். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. அத்தா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, ராக்கப்பன் திருடவில்லை, நான் விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று தன் கையாலேயே சீட்டுகள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விற்ற ஒவ்வொரு பேப்பருக்குள்ளும் வைத்தார். மூன்றாம் நாளே ஏஜென்சியும் போனது, நிருபர் வேலையும் போனது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான். வீட்டு மரியாதையை இப்படியா கெடுத்துக்கொள்வது என்று கேட்டேவிட்டேன்.

"நம்ம மரியாதை இந்த பஜாரோட போகும். அந்த மனுசனுக்கு ஜில்லா பூரா போச்சேம்மா" என்றார்.

சில மாதம் கழித்து ராக்கப்பனுக்கு ஒரு பள்ளி விடுதியில் வேலை கிடைத்தது. அத்தாவோடு பழையபடி பேசவும் செய்தார். ஆனாலும் அத்தாவுக்கு மனம் ஆறவில்லை. நெஞ்சுவலியில் படுத்த கடைசி நாட்களிலும், மதுரையிலும் திண்டுக்கல்லிலும் படித்தவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நாட்களில் மலையேறி வந்து பார்த்துப்போன சொந்தங்களுக்கும், தினமும் வீட்டுக்கே வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்த பஜார்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். அடக்கம் செய்ய மையவாடி வரைக்கும் நடந்து வந்தவர்களில் ராக்கப்பனும் ஒருவர். இதை மலரில் எழுதப்போகிறேன், உங்கள் பெயரை விட்டுவிடட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"பேரப் போட்டே எழுதுங்கம்மா. அன்னைக்கும் பேரப் போட்டுத்தான எழுதுனாரு."

இந்த மலர் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் போகிறது. ஆகவே அத்தாவுக்காக, அவர் மகள் எழுதுகிறேன்: அட்டுவம்பட்டி ராக்கப்பன் திருடவில்லை. திருடியதாக யாரிடமும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.