கோட்டு போட்ட நாள்

ஜெர்மனியில் மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிதில், டோர்ட்மண்ட் நகரில் நான் ஆய்வு மாணவனாகத் தங்கியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உணவகக் குசினியில் வேலை செய்து முதுகு போய்விட்டதால், ஒருபக்கம் சாய்ந்தே நடப்பார். எந்நேரமும் அதே பழைய கம்பளிச் சட்டைதான். மாதத்தில் ஒருநாள் மட்டும் முகம் மழித்து, சாம்பல்நிறக் கோட்டும் டையும் அணிந்து புறப்படுவார். ஏலாதவர்களுக்கு அரசு உதவிப் பணம் தரும் சோசல் அலுவலகத்தில் அன்று அவருக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம்.

ஒருநாள் ஜெர்மன் மொழிக் கடிதம் ஒன்றோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

உடல் இயலாமைக்கான பென்ஷன் கிடைத்துவிட்டது. ஒரு வருடத்து நிலுவையும் உண்டு. ஆனால், அந்த மாதங்களில் அவருக்குக் கொடுத்த உதவிப் பணத்தை சோசல் அலுவலகம் நிலுவையிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளும். அவர் கைக்கு வருவது சொற்பம்.

"எதிர்த்து எழுதிப் பாக்கலாமா அண்ணா?"

"அது நியாயம்தானே. ஒரு பசிக்கு ரெண்டு தரம் சாப்பிட ஏலுமோ?" என்று சிரித்தார். "டெர்மினைப் பற்றி என்ன போட்டிருக்கு?"

"பென்ஷன் வந்துட்டதால உங்க ஃபைல க்ளோஸ் பண்றாங்க. இனிமே நீங்க அங்க போகவே வேண்டாம்." நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் கடிதத்தை மெல்ல மடித்தார்.

"அங்க இருக்கிற மனுசி ஒவ்வொரு முறையும் 'முதுகு எப்பிடி இருக்கு' எண்டு கேப்பா. அது இனி இல்லையெண்டதுக்கு எதிர்த்து எழுத ஏலுமோ தம்பி?"

அடுத்த மாதமும் ஒருநாள் முகம் மழித்து, கோட்டும் டையுமாகப் புறப்பட்டுப் போனார். எங்கே போனார் என்று எனக்கு இன்றும் தெரியாது.