பாகத்தில் போன இரண்டாவது தட்டு

போன தை மாதம் ஒரு மத்தியானம், எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்குமாக நடந்து நடந்து என் கால் வீங்கியதுதான் மிச்சம். இரண்டும் தாத்தா கட்டிய ஒரே வீடுதான். நடுவில் சுவர். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அவருடைய தம்பி. பாகம் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. சர்ச்சில் ஒருவர் முன்வரிசை என்றால் மற்றவர் கடைசி வரிசை.

அன்று நாலு மணிக்குச் சித்தப்பாவை விமான நிலையத்துக்கு அழைத்துப்போகக் கார் வருவதாக இருந்தது. இனி கனடாவில் மகனோடுதான். வீட்டையும் விற்றாகிவிட்டது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்று பார்க்காவிட்டால் இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதில்லை. அப்பாவோ சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"போறவன் அந்தத் தட்டைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லு. அவனே கையால கொண்டாந்து கொடுக்கணும்" என்றார்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா நாகப்பட்டினம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய பழைய இசைத்தட்டுகள், மொத்தம் இரண்டு. ஏதோ ஓர் ஐரோப்பிய இசை நாடகத்தில் வரும் பாலே இசை. பாடிக்கொண்டே போகிற கதையை நடுவில் நிறுத்திவிட்டு எல்லோரும் ஆடுவார்களாம். அந்த ஆட்டத்துக்கு ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி வாசித்தது. வயலின்கள் மெதுவாக எடுத்து, குழல்கள் சேர்ந்து, முரசு எழும்பி வருகிற நேரத்தில் முதல் தட்டு தீர்ந்துவிடும். மிச்சம் இரண்டாவதில்.

எங்கள் குடும்பத்தில் பாகம் என்றால் மூத்தவர் சாமான்களைப் பரப்பி வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். சித்தப்பா சுவர்க்கடிகாரத்தை எடுத்தார், கிராமபோன் அப்பாவுக்கு வந்தது. தட்டு இரண்டு இருக்கிறதே, ஆளுக்கு ஒன்று என்று சபைப் பெரியவர்கள் தீர்த்தார்கள். அண்டா குண்டாவைப் பிரிப்பதுபோல ஒரே பாட்டைப் பிரிக்கிறோமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சித்தப்பா வேண்டுமென்றே இரண்டாவதை எடுத்தார். அன்றே நடுவில் கீற்றுத் தடுப்பு கட்டினார்கள். சுவர் பிறகுதான் வந்தது.

ஆக, அப்பாவிடம் மெஷின் இருந்தது, முடிவு இல்லை. சித்தப்பாவிடம் முடிவு இருந்தது, மெஷின் இல்லை. இத்தனை வருஷமும் ஞாயிறு சாயங்காலம் அப்பா முதல் தட்டைப் போடுவார். முரசு எழும்பும், நின்றுவிடும். அவர் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்து போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை போனபோது சித்தப்பா பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"அது எங்கே கிடக்கோ. இப்பப் போய்த் தேடச் சொல்றியே பாப்பா."

திரும்பி வந்து சொன்னேன். "தேடட்டும், நேரம் இருக்கு" என்றார் அப்பா. நேரம் எங்கே இருக்கிறது? மணி மூன்றரை. மறுபடியும் ஓடினேன்.

"வேணும்னா அவரை வந்து கேட்கச் சொல்லு" என்றார் சித்தப்பா. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே அறுவடை மெஷின் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க. இனிமே நான் நடக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, முதல் தட்டைப் போட்டு, அதன் ஒலிக்குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அப்பா தடுக்கவில்லை. ஒரு பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டேன். கார் வந்துவிடுமோ என்று காது தெருவிலேயே இருந்தது. முரசு எழும்பியது. நின்றது.

தலையைத் தூக்கினால் வாசலில் சித்தப்பா. வெளுத்த சட்டை, பயணத்துக்கான புது ஷூ. நெஞ்சோடு ஒரு தலையணை உறையை அணைத்திருந்தார். அப்பா எதிர் நாற்காலியில் சாத்தியிருந்த கைத்தடியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அதுதான் அழைப்பு.

சித்தப்பா உட்காரவில்லை. உறையை மேஜைமேல் வைத்தார். கலகலவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். உள்ளே தட்டு நாலைந்து துண்டாகக் கிடந்தது.

"பாகம் பிரிச்ச அன்னைக்கே தரையில அடிச்சிட்டேண்ணே. உங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான் எடுத்தேன். எடுத்துட்டு வந்ததும் என்மேலயே வெறுப்பாப் போச்சு. உடைச்சதை எந்த மூஞ்சியோட கொண்டாந்து நீட்டுறது?"

அப்பா துண்டு ஒன்றை எடுத்து விரலால் தடவினார்.

"தெரியும். நடுவுல வெறும் கீத்துதானே. உடைஞ்ச சத்தம் எனக்கு அன்னைக்கே காதுல விழுந்துச்சு."

உடைந்தது தெரிந்தேதான் என்னை நடையாய் நடக்கவிட்டிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது தட்டு அல்ல. அதை முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முடிவு ஞாபகம் இருக்கா?" என்று அப்பாதான் கேட்டார்.

சித்தப்பா தயங்கித் தயங்கி வாயாலேயே முனகிக் காட்டினார். முரசு மேலே ஏறி, தடதடவென்று முடிந்தது.

"தப்பு. அப்படி இல்லை. கடைசியில அடங்கி, வயலின் மட்டும் நிக்கும்."

"இல்லண்ணே. முரசுதான்."

"உனக்கு எப்பவுமே காது மந்தம்டா."

"உங்களுக்குத்தான் பிடிவாதம். சின்ன வயசுல நாம ரெண்டு பேரும் அதுக்குக் குதிப்போமே. வயலினுக்கா குதிச்சோம்?"

அப்பா நாற்காலிக் கையில் தாளம் தட்டி அவர் முடிவைக் காட்ட, சித்தப்பா ஷூக் காலால் தரையில் தட்டி அவர் முடிவைக் காட்டினார். போட்டுப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால் தட்டு துண்டு துண்டாக மேஜைமேல் கிடந்தது. வாசலில் கார் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் திரும்பவில்லை. டிரைவரிடம் கொஞ்சம் இருக்கச் சொல்ல நான்தான் எழுந்து போனேன்.